அடிபட்ட பிறகு என்ன வேலை, எவ்வளவு சம்பளம்? மூன்று கணினிக் கருவிகளைப் பாவித்துப் பார்த்தது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரமில்லாதவர்கள் இதோடு போகலாம். ஓயாசிஸ் (கனடா மத்திய அரசாங்கத்தின் தொழில் விபரத் தளம்): இலவசம், விபரம் நிறைய, ஆனால் எத்தனை கிலோ தூக்கவேண்டிய வேலை என்று கேட்டால் கைவிரிக்கும். ஜொப் பாங்க் (அதே அரசாங்கத்தின் வேலை விளம்பர, சம்பளத் தளம்): அதுவும் இலவசம், சம்பளத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காசு கொடுத்து வாங்கும், ஆளுக்கு ஏற்ற வேலைப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள்: வேகம், கெட்டித்தனம், அச்சடித்தால் வடிவான அறிக்கை. அந்த வடிவைக் கண்டுதான் நான் பயப்படுகிறேன்.

நான் கனடாவில், ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் வேலைத்தலத்தில் அடிபட்ட ஆக்களுக்கு மறுவாழ்வு ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கட ஆக்கள்தான். பேக்கரி, கோழி வெட்டுற இடம், கார் உதிரிப்பாகம், வெயார்ஹவுஸ். தோள், நாரி, முழங்கால். ஆங்கிலத்தில் ஒரு தடித்த அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "பிள்ளை, இதில நான் என்ன வேலை செய்யலாமெண்டு எழுதியிருக்காம், ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள். அந்த அறிக்கைகளின் கடைசிப் பக்கங்கள் பெரும்பாலும் மென்பொருள் துப்பிய பட்டியல். அதனால்தான் இந்தக் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதவேணும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

ஒரு பட்டியலுக்கு ஏன் இவ்வளவு பதட்டம் என்றால், பணம் அதில்தான் நிற்கிறது. ஒன்ராறியோவில் வில்லியம் மெரிடித் 1913இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1914இல் வந்த சட்டத்தின் வழி, அடிபட்ட தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போட முடியாது; பதிலுக்கு நட்டஈடு கிடைக்கும். இன்றைய சட்டப்படி அடிபடுவதற்கு முந்திய வருமானத்துக்கும் இனி உழைக்கக்கூடிய வருமானத்துக்கும் இடையிலான வித்தியாசத்தில் 85 வீதம், வரி கழித்த கணக்கில். இந்த "உழைக்கக்கூடிய" என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. அந்த வேலை கையில் இருக்கவேணும் என்று இல்லை. பொருத்தமானது, கிடைக்கக்கூடியது என்று நட்டஈட்டுச் சபை முடிவெடுத்துவிட்டால் அதன் சம்பளத்தை நீங்கள் உழைப்பதாகவே கணக்குப் போடலாம். அடிபட்ட தொழிலாளரின் அமைப்புகள் இதை ஃபான்ரம் ஜொப், அதாவது இல்லாத மாய வேலை, என்று சொல்லிப் பல வருடமாகப் போராடுகின்றன.

விளங்குவதற்கு ஒரு கணக்கு. வரியை இப்போதைக்கு மறந்துவிடுவோம். மணிக்கு 26 டொலருக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தவர்: கிழமைக்கு 1,040. இனி அவரால் 2025 ஒக்ரோபரில் வந்த அடிப்படைச் சம்பளமான 17.60க்குத்தான் வேலை செய்யலாம் என்றால் 704. வித்தியாசம் 336, அதில் 85 வீதம் 285.60. அதே ஆளால் மணிக்கு 21 டொலர் வேலை செய்யலாம் என்று பட்டியல் சொன்னால் வித்தியாசம் 200, கிடைப்பது 170. பட்டியலில் ஒரு வரி மாறியதற்குக் கிழமைக்கு 115 டொலர் 60 சதம் போய்விட்டது. இதிலும் காயம் நடந்து 72 மாதம் கழிந்தால், சில விலக்குகள் தவிர, அந்தக் கணக்கைத் திரும்பத் திறக்கமாட்டார்கள்.

சரி, கருவிகளுக்கு வருவோம். மூன்றையும் ஒரே ஆளின் விபரத்தை வைத்துத்தான் பார்த்தேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். ஐம்பது தாண்டிய அண்ணை ஒருவர். ஊரில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர், இங்கே வந்து பெரிய பாண் பேக்கரி ஒன்றில் நெடுங்காலம். வலது தோளில் தசைநார் கிழிந்து சத்திரசிகிச்சை. வைத்தியர் நிரப்பிய உடல் இயலுமைப் படிவத்தில் தூக்குவது 5 கிலோவரை என்ற பெட்டியில் புள்ளடி. தோளுக்கு மேலே கையை உயர்த்தும் வேலை கூடாது.

மூன்று கருவியும் முதலில் கேட்பது ஒன்றுதான்: பழைய வேலையின் இலக்கம். கனடாவின் 2021 தேசியத் தொழில் வகைப்பாட்டில் 516 தொழில் தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்கம். இரண்டாவது இலக்கம் அந்த வேலைக்கு வேண்டிய படிப்பையும் பயிற்சியையும் சொல்லும். 0 முகாமைத்துவம், 1 பல்கலைக்கழகப் பட்டம், அப்படியே இறங்கி 5 என்றால் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினால் போதும். அண்ணையின் சம்பளத் துண்டில் "ஜெனரல் ஹெல்ப்" என்று இருந்தது. அதைப் பார்த்தால் 95106, உணவுப் பதனிடல் தொழிலாளி. ஐந்து.

"அண்ணை, அங்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"மா குழைச்சனான்."

"கையாலயோ?"

"என்ன பிள்ளை, கையாலயோ! மெசினாலதான்."

"மெசினை ஆர் செற் பண்ணுறது?"

"நான்தான். ஒவ்வொரு பாணுக்கும் ஒவ்வொரு சீற்று. அதைப் பார்த்து மா, தண்ணி, ஈஸ்ற் எல்லாம் நிறுத்துப் போட்டு, நேரத்தை அமத்தி, மாவின்ர சூட்டைப் பார்த்து எழுதவேணும். பிழைச்சா முழுத் தொட்டியும் குப்பைக்கு."

இது 95106 இல்லை. 94140, உணவுப் பதனிடல் இயந்திர இயக்குநர். இரண்டாவது இலக்கம் நான்கு. இந்த ஒரு படி கூடுவதால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. மறுபயிற்சி கேட்கும்போது "இவர் இயந்திரம் இயக்கி, பதிவேடு எழுதிய ஆள்" என்று சொல்லலாம். அதே நேரம் மென்பொருள் அவருக்குக் கூடுதல் திறமை இருக்கிறதென்று நினைத்துக் கூடுதல் சம்பள வேலைகளையும் கொண்டுவந்து நீட்டும். எது உண்மையோ அதைப் போடவேணும். சம்பளத் துண்டை நம்பி இலக்கம் போடுகிற அறிக்கைகளை நான் நிறையக் கண்டுவிட்டேன்.

ஓயாசிஸ் மத்திய அரசாங்கத்தினது. 900க்கு மேற்பட்ட தொழில்களுக்கு விபரக்கொத்து வைத்திருக்கிறது; அதாவது 516 தொகுதிகளைவிட நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் திறன், இயலுமை, அறிவு, ஈடுபாடு, வேலைச் சூழல் என்று புள்ளிகள். கை நடுங்காமல் வைத்திருப்பது, விரல் சுறுசுறுப்பு, நின்ற நிலை, குளிர், சூடு எல்லாம் தனித்தனியே இருக்கிறது. அண்ணையோடு பக்கத்தில் இருந்து பார்த்தபோது அவர் தானாகவே, "ஓ, உது சரி, உது எங்கட இடத்தில இல்லை" என்று சொல்லத் தொடங்கினார். கதைக்கவைக்கிற கருவி என்ற வகையில் இதற்கு முழுப் புள்ளி. ஆள் மறந்துபோன வேலைகளெல்லாம் வெளியே வருகிறது.

குறை என்னவென்றால், தூக்கும் பலத்தை இது புள்ளியாகத்தான் சொல்கிறது. வைத்தியரின் படிவமோ கிலோவில் பேசுகிறது: 5 கிலோவரை, 5 முதல் 10 கிலோ. இந்த இரண்டையும் பொருத்த நீங்கள்தான் மண்டையை உடைக்கவேணும். இதற்கு முந்திய கரியர் ஹாண்ட்புக் என்ற கைநூலில் இந்தப் பிரச்சினை இல்லை. பலம் 1 என்றால் 5 கிலோவரை, 2 என்றால் 10 கிலோவுக்குள், 3 என்றால் 10 முதல் 20 கிலோ, 4 அதற்கும் மேல். வைத்தியரின் பெட்டியும் கைநூலின் வரியும் நேரே பொருந்தும். அந்தக் கைநூல் 2016 வகைப்பாட்டோடு நின்றுவிட்டது. நான் இன்னும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். இன்னொரு எச்சரிக்கை: கைநூலில் பலத்தைத் தவிர்த்து, மொழி, எண் போன்ற இயலுமைகளுக்கு 1 தான் உச்சம், 5 அடி. ஓயாசிஸில் தலைகீழ், 5 தான் உச்சம். இரண்டையும் மாறிமாறிப் பார்க்கிறவர்கள் பக்க ஓரத்தில் எழுதி வையுங்கோ.

இனிக் காசு கொடுக்கும் மென்பொருள். எந்த நிறுவனத்தினது என்று சொல்லப்போவதில்லை. தெரிந்த அலுவலகம் ஒன்றில் இருந்து பாவிக்கக் கிடைத்தது. இந்த இனம் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். பழைய வேலைகளின் இலக்கத்தைப் போட்டவுடன், அந்த வேலைகளுக்குத் தேவையான இயலுமைகளை எடுத்து "இவருக்கு இவ்வளவு இருக்கிறது" என்று ஒரு உருவம் செய்கிறது. பிறகு காயத்துக்கு ஏற்ற மாதிரிச் சிலதை நீங்கள் குறைக்கலாம். பொத்தானை அமத்தினால் அந்த உருவத்துக்குள் அடங்கும் தொழில்களெல்லாம் நெருக்கமானது, நல்லது, பரவாயில்லை என்று வரிசையாக வரும். கையால் பார்த்தால் இரண்டு நாள் பிடிக்கும் வேலை, தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடுகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நான் யோசித்தே பார்த்திராத தரப் பரிசோதனை வேலைகள் ஒன்றிரண்டை அது காட்டித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் அந்த உருவம் எப்படிச் செய்யப்படுகிறது என்று கவனியுங்கோ. அண்ணை பார்த்த பழைய வேலைகளில் "ஆசிரியர்" என்று ஒன்று இருக்கிறது. அதற்கு 41220, இடைநிலைப் பாடசாலை ஆசிரியர். அந்த இலக்கத்தைச் சேர்த்தவுடன் மொழி இயலுமை ஒரேயடியாக மேலே பாய்கிறது. மென்பொருளுக்கு மொழி என்றால் மொழிதான். அவர் படிப்பித்தது யாழ்ப்பாணத்துத் தமிழ் வகுப்பறையில் என்று அதற்குத் தெரிய வழியில்லை. உடனே வாடிக்கையாளர் சேவை, தகவல் மையம், அலுவலக எழுதுவினைஞர் என்று பட்டியல் நீளுகிறது. அண்ணையிடம் ஏற்கெனவே இருந்த ஒரு அறிக்கையும் இப்படித்தான் செய்திருந்தது. முதல் தெரிவு 64409, வாடிக்கையாளர் தகவல் சேவைப் பிரதிநிதி. ஆங்கிலத்தில் தொலைபேசியில் கோபக்காரரோடு நாள் முழுக்கக் கதைக்கும் வேலை.

அதைச் சொன்னபோது அண்ணை சிரித்தார். "பிள்ளை, எனக்கு இஞ்சத்தைப் பாங்குக்குப் போன் எடுக்கவே மூத்தவள் பக்கத்தில இருக்கவேணும்."

ஆசிரியர் இலக்கத்தை எடுத்துவிட்டு ஓட்டினால் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்குகிறது. எடுப்பதா விடுவதா என்று சட்டமாக எதுவும் இல்லை, ஓட்டுகிறவரின் கையில் இருக்கிறது. வேலையை விட்டுப் பல வருடங்கள், வேறு மொழி, வேறு நாடு. திறமை கணக்கில் இன்னும் இருக்கலாம்; இங்கே விற்கக்கூடியதாக இல்லை. அறிக்கை வாசிக்கிறவர்களுக்கு என் ஆலோசனை: எந்தெந்தப் பழைய வேலை இலக்கங்களைப் போட்டு ஓட்டினார்கள் என்று முதலில் தேடுங்கோ. பட்டியலைப் பிறகு பார்க்கலாம். இலக்கங்களே எழுதப்படாத அறிக்கை என்றால் கடிதம் போட்டுக் கேளுங்கோ.

தோள் விசயத்தில் இன்னொரு ஓட்டை. இந்த மென்பொருள்களில் அமெரிக்கத் தொழிற்பெயர் அகராதியை அடியில் வைத்து ஓடுபவை இருக்கின்றன. நான் பாவித்ததும் அப்படித்தான். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இலக்கம், கடைசியாகத் திருத்தியது 1991. அதோடு சேர்ந்த தரவில் கை நீட்டுவது என்று ஒரு நிரல் உண்டு: எப்போதாவது என்றால் நாளில் மூன்றிலொரு பங்குவரை, அடிக்கடி என்றால் மூன்றில் இரண்டுவரை, அதற்கு மேல் எப்போதும். எந்தப் பக்கம் நீட்டுவது? அதற்கு நிரல் இல்லை. மேலே நீட்டுவதும் முன்னால் நீட்டுவதும் அதற்கு ஒன்றுதான், வலது கையும் இடது கையும் ஒன்றுதான். அண்ணையின் முழுப் பிரச்சினையும் வலது கை, மேலே என்பதுதான். அந்தப் பெட்டியில் இறுக்கமாகப் போட்டால் செய்யக்கூடிய வேலைகளும் வெட்டுப்படுகின்றன, தளர்த்திப் போட்டால் செய்யமுடியாததும் உள்ளே வருகிறது. இருந்தும் நின்றும் மாறிமாறிச் செய்யலாமா என்பதற்கும் இடமில்லை, நாரிக்காரருக்கு முதல் கேள்வியே அதுதான்.

1991 அகராதியின் வயதைப் பற்றி அமெரிக்காவிலேயே பெரிய சண்டை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டவர்களுக்கு, இருந்தபடி கொட்டை தரம்பிரிக்கலாம், தச்சு வேலைக்கான மர ஆணி பரிசோதிக்கலாம் என்று அதிலிருந்து எடுத்துச் சொல்லி மறுத்திருக்கிறார்கள். 2024 ஜூனில் அந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகமே நூற்றுக்கு மேற்பட்ட தொழில்களை இனி அப்படி மறுப்பதற்குக் காட்டமாட்டோம் என்று அறிவித்தது. என்னுடைய ஓட்டத்தில் கொட்டை வரவில்லை. நுண்படச் சுருளுக்கு (மைக்ரோஃபில்ம், அந்தக் காலத்தில் ஆவணங்களைச் சின்னதாகப் படம்பிடித்து வைத்த சுருள்) ஆவணம் தயார்செய்வது வந்தது. ஸ்காபரோவில் அதை எங்கே போய்த் தேடுவது என்று அந்த அலுவலகத்துப் பெடியனைக் கேட்டேன், அவன் நுண்படச் சுருள் என்றால் என்ன என்று என்னைக் கேட்டான்.

பட்டியலில் எப்போதும் வந்து நிற்கும் இரண்டு பேரைப் பற்றியும் சொல்லவேணும். ஒன்று காசாளர், 65100. பாரம் இல்லை, உண்மை. ஆனால் வலது கை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் வேலை. எட்டு மணித்தியாலம் செய்தால் தோள் என்ன சொல்லும் என்று கடையில் போய் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். மற்றது பாதுகாப்பு ஊழியர், 64410. எங்கட ஆக்கள் நிறையப் பேர் செய்கிறார்கள், கெட்ட வேலை இல்லை. ஆனால் ஒன்ராறியோவில் 40 மணித்தியாலப் பயிற்சி, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சோதனை, பிறகு உரிமம். மென்பொருள் இதை ஒரு சின்னக் குறிப்பாகத்தான் காட்டுகிறது. அதோடு இரவு நேர மாற்று, தனியே கட்டடம் சுற்றுவது. சிலருக்குச் சரிவரும். அண்ணைக்குச் சரிவரக்கூடியது இதுதான் என்று நானும் எழுதினேன், ஆங்கில வகுப்பு முதலில் என்ற நிபந்தனையோடு.

ஜொப் பாங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இதில் தொழிலின் பெயரோ இலக்கமோ போட்டால் உங்கள் பிராந்தியத்தில் குறைந்த, நடு, கூடிய சம்பளம் என்று மூன்று நிரல் வரும். வாய்ப்பு எப்படி என்று ஐந்து தரத்தில் சொல்லும். வேலை விளம்பரங்களும் அதே இடத்தில். கைத்தொலைபேசியிலும் சுகமாக ஓடும். அறிக்கை எழுதுகிறவர்கள் இதில் பெரும்பாலும் நடு நிரலை எடுத்துப் போடுவார்கள். நடு என்றால் அந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளம். அவர் அந்த வேலையில் பத்து வருடம் நின்றவராக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நுழைகிறவர் குறைந்த நிரலுக்குப் பக்கத்தில்தான் தொடங்குவார். முன்பு போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கோ, மணிக்கு மூன்று டொலர் சொச்சம் என்ன செய்யும் என்று. அறிக்கையில் நடு நிரல் இருந்தால், ஏன் என்று கேட்கலாம். கேட்கவும் வேணும்.

ரொறன்ரோப் பிராந்தியம் என்று அது சொல்வதில் டர்ஹம், யோர்க், பீல், ஹால்ரன் எல்லாம் அடக்கம். ஆகவே "வாய்ப்பு நல்லது" என்று வரும்போது அந்த வாய்ப்பு மேற்கு அந்தத்தில் ஓக்வில்லில் இருக்கலாம், நீங்கள் கிழக்கே ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் பஸ்சுக்கு நிற்கலாம். வரைபடத்தில் விளம்பரங்களைப் பார்த்து, பஸ்சில் போகக்கூடியதை மட்டும் எண்ணி ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கோ. கிடைக்கக்கூடிய வேலை என்பதைப் பற்றிய வாதத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு எந்த மென்பொருளையும்விட உதவுகிறது.

யாருக்கு எது என்றால்: அடிபட்டவரும் வீட்டாரும் ஓயாசிஸிலும் ஜொப் பாங்கிலும் நின்றால் போதும். இரண்டும் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கோ. நூலகத்துக் கணினியில் பெரிய திரையில் பார்ப்பது கண்ணுக்கும் நல்லது. காசு கொடுக்கும் மென்பொருள் உங்களுக்கு வேண்டாம், அது எங்களைப் போன்றவர்களுக்கு; வாங்குவதானால் அடியில் எந்த வகைப்பாடு ஓடுகிறது, எந்த வருடத்தினது என்று கேட்டுவிட்டு வாங்குங்கோ. ஜொப் பாங்க் சம்பளங்களை அவ்வப்போது புதுப்பிப்பார்கள், ஆகவே பார்த்த அன்றே திகதி தெரியும்படி பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கோ. வைத்தியரின் படிவத்தின் பிரதியையும் அதோடு சேர்த்துக் குத்திவிடுங்கோ.